நடுக் கண்ணாடிக் கதவு கொக்கியில் மாட்டவில்லை: போட் விண்ட்ஷீல்டு விவகாரம்

கேள்வி, 9 பிப்ரவரி 2025 (அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்)

அண்ணே, பழைய பைபர் போட் ஒன்று வாங்கியிருக்கிறோம். பதினெட்டு அடி. முன்பக்கமும் உட்கார இடம் உண்டு, நடுவில் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு முன்னால் போகிற மாதிரி. அந்தக் கதவுதான் மூட மாட்டேன் என்கிறது. இடது பக்கம் கீல், வலது பக்கம் கொக்கி. கொக்கிக்கும் அது மாட்ட வேண்டிய இடத்துக்கும் நடுவில் கட்டைவிரல் நுழைகிறது. மேலே அதிகம், கீழே கொஞ்சம் குறைவு. அலுமினிய ஜன்னல் வேலை செய்பவர் வந்து பார்த்தார். கண்ணாடி கோணிவிட்டது, சட்டத்தில் ஒரு துண்டு சேர்த்து ரிவெட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா?

9 பிப்ரவரி, இரவு

ரிவெட் அடிக்க விடாதீர்கள். துண்டு சேர்த்தால் இடைவெளி மறையும். எதனால் இடைவெளி வந்ததோ அது அப்படியே இருக்கும். நாளைக்குப் போட் தண்ணீரில் இறங்கியதும் அதே கதவு, சேர்த்த துண்டில் போய் இடிக்கும். அப்போது அறுத்தெடுக்க இன்னொரு ஆள் தேட வேண்டும்.

கண்ணாடி கோணாது. இந்த மாதிரிப் போட்டில் பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடிதான், மூலையில் சின்னதாக முத்திரை இருக்கும். தாங்காத அளவுக்கு முறுக்கினால் அது கோணலாக நிற்காது, பொடிப்பொடியாக உதிரும். கோணுவது அலுமினியச் சட்டம், அல்லது சட்டம் உட்கார்ந்திருக்கும் தளம்.

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் பார்த்தபோது போட் எங்கே இருந்தது, டிரெய்லரிலா தண்ணீரிலா?

10 பிப்ரவரி

டிரெய்லரில் என்று பதில் வந்திருக்கிறது. நினைத்தேன்.

முன்தளம் மூடிய போட்டில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே பலகை மாதிரி பைபர் தளம் ஓடும், கண்ணாடி முழுவதும் அதன் மேல் நிற்கும். நடந்து போகிற வகையில் நடுவை வெட்டிவிட்டார்கள். வலது கண்ணாடி ஓட்டுபவர் பக்கத்து கன்சோல் (தரையிலிருந்து எழும் பெட்டி மாதிரி மேடை) மேல், இடது கண்ணாடி அடுத்த கன்சோல் மேல். காலுக்குக் கீழே உள்ள தரையைத் தவிர அந்த இரண்டையும் இணைக்க வேறு எதுவும் இல்லை. கதவு இணைக்கிறதே என்பீர்கள். அது காற்றையும் சாரலையும் தடுக்க வந்தது, போட்டைப் பிடித்து நிறுத்த வந்ததில்லை. அதனால் அடியில் சின்ன முறுக்கு விழுந்தாலும் முதலில் தெரிவது இந்தக் கதவில்தான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். கண்ணாடியின் உயரம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கன்சோல் வெறும் 1 டிகிரி வெளியே சாய்ந்தால் மேல் சட்டம் 7 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், இரண்டு நூலுக்கு மேல். இரண்டு பக்கமும் ஒவ்வொரு டிகிரி என்றால் 14 மில்லிமீட்டர், அரை இஞ்சைத் தாண்டிவிட்டது. அந்த 1 டிகிரி கண்ணுக்குத் தெரியாது. உங்கள் கட்டைவிரல் கணக்கும் ஏறக்குறைய இதுதான். மேலே அதிகம், கீழே குறைவு என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

முதலில் போட்டைத் தண்ணீரில் இறக்குங்கள். கழற்றுவது, முடுக்குவது எதுவும் அதற்கு அப்புறம்.

12 பிப்ரவரி

"வெயிலில் அலுமினியம் விரிகிறது, விடியற்காலையில் மூடினால் மூடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காலை நேரத்தில் நல்ல எண்ணம் வரும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மீட்டர் அலுமினியம் 20 டிகிரி சூடேறினால் விரிவது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு மீட்டர் சட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விரிந்தால் இடைவெளி குறையத்தானே வேண்டும்?

15 பிப்ரவரி

என் அனுபவம் எங்கிருந்து என்று கேட்கிறார்கள். மன்னார்குடி பக்கம் லேத் பட்டறை. பம்ப்செட் ஷாப்ட், டிராக்டர் சாமான் இதுதான் பிழைப்பு. மைத்துனர் சிங்கப்பூரில். அவர் வாங்கிப்போட்ட பதினேழடி போட் வருஷத்தில் பாதி நாள் என் கொட்டகையில் நிற்கிறது. ஊருக்கு வந்தால் முத்துப்பேட்டை, கோரையாறு என்று ஒரு சுற்று, அப்புறம் மறுபடி என் தலையில்.

எங்கள் போட்டில் கொக்கி மாட்டாமல் போனது ஒரு கோடையில். முதல் வேலையாகக் கீழே குனிந்து பார்த்தேன். டயர் கெடாமல் இருக்கட்டும் என்று மைத்துனர் வீட்டில் யாரோ சக்கரத்தைக் கழற்றிவிட்டு டிரெய்லரை நாலு மூலையிலும் செங்கல் அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். நம்ம ஊர்க் களிமண்ணைத் தெரியுமே, மழையில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். பின் வலது மூலைச் செங்கல் வெடிப்பின் ஓரத்தில் இறங்கிக் கிடந்தது. அந்தப் பக்கத் தாங்குகட்டைக்கும் (டிரெய்லரில் போட் உட்காரும் நீளக் கட்டை) போட்டின் அடிக்கும் நடுவில் பகல் வெளிச்சம் தெரிந்தது. கட்டை மேல் ஒட்டிய கம்பளம் மற்ற மூன்று இடத்திலும் நசுங்கிப் பளபளவென்று இருக்க, அங்கே மட்டும் புதுசு மாதிரி மயிர் நிமிர்ந்து நின்றது. அதாவது மொத்த எடையும் மற்ற மூன்று முனையில். போட் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கொத்தனாரிடம் இருக்கும் டியூப் மட்டத்தை வாங்கி வந்து, தண்ணீர் நிரப்பி நாலு முனையையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தேன். ஜாக்கி ஏற ஏற, மேலே நின்ற பையன் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்து "வருது, வருது" என்று கத்தினான். கண்ணாடியில் ஒருவரும் கை வைக்கவில்லை.

16 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "டிரெய்லர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்" என்று இரண்டு பேர் முடிவு கட்டிவிட்டார்கள். அவ்வளவு நேராக இல்லை. இரண்டு சக்கரமும் முன்னால் ஒற்றைக் காலும் இருக்கும் டிரெய்லர் மேடுபள்ளத்தில் நின்றால் சாயும், முறுக்கிக்கொள்ளாது. முக்காலி ஆடாது, நாற்காலிதான் ஆடும். நாலு மூலையில் முட்டுக் கொடுக்கும்போதுதான், அல்லது நாலு சக்கர டிரெய்லரில்தான், முறுக்கு வருகிறது. இரண்டு சக்கர டிரெய்லரில் நிற்கும் போட்டிலும் கதவு மாட்டவில்லை என்றால், தாங்குகட்டைகள் இரண்டும் ஒரே உயரமா, கட்டையைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2 மார்ச்

கேள்வி கேட்டவர் போட்டை இறக்கிப் பார்த்துவிட்டார். தண்ணீரில் பாதி இடைவெளி போய்விட்டது, மீதிப் பாதி நிற்கிறது. பாதி டிரெய்லர் வேலை, பாதி மேலே உள்ள வேலை.

மேலே என்ன என்பதை இடைவெளியின் வடிவமே சொல்லிவிடும், அளவு நாடா எடுப்பதற்கு முன்னால். மேலும் கீழும் ஒரே அளவு என்றால், ஒரு பக்கத்துச் சட்டம் மொத்தமாக ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது, அடி ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கும். மேலே மட்டும் விரிந்தால் கண்ணாடி வெளியே சாய்கிறது. உட்புறம் சட்டத்திலிருந்து கன்சோலுக்கு இறங்கும் முட்டுக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதன் கீழ் ஸ்க்ரூ துளையில் சுற்றிக்கொண்டிருக்கும். இடைவெளியே இல்லாமல் கதவின் மேல் விளிம்பு மட்டும் பக்கத்துச் சட்டத்தைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால் கீலின் ஊசி தேய்ந்திருக்கிறது, அல்லது ஒரு கன்சோலுக்கு அடியில் மரம் ஊறி இறங்கியிருக்கிறது. கதவு முன்னாலும் கொக்கி பின்னாலுமாக நின்றால் அந்தப் பக்கக் கண்ணாடி திரும்பியிருக்கிறது. கரையிலிருந்து ஏறுபவர்கள் அதைப் பிடித்து இழுத்திருப்பார்கள்.

கன்சோல் அடியைச் சுத்தியல் காம்பால் தட்டிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். நல்ல இடம் கணீரென்று கேட்கும். ஊறிய இடம் சொத சொதவென்று. சொத சொத என்றால் கண்ணாடியை மறந்துவிட்டு பைபர் ஆளைக் கூப்பிடுங்கள்.

3 மார்ச்

"சரி, செய்வது எப்படி" என்று தனியாகக் கேட்டிருக்கிறார். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போட்டைத் தண்ணீரில் நிறுத்திக்கொண்டு செய்ய முடிந்தால் நல்லது. கரையோரம், காற்றில்லாத நேரம். கோரையாற்று ஓரம் என்றால் கடல் ஓதம் ஏறிய நேரத்தைப் பாருங்கள், ஓதம் வற்றும்போது போட் சேற்றில் தட்டி உட்கார்ந்துவிட்டால் தண்ணீரில் வைத்ததற்கு அர்த்தமே இல்லை. முடியாவிட்டால் மட்டம் பார்த்த டிரெய்லரில் செய்யுங்கள், ஆனால் உள்ளே இருக்கும் ஐஸ்பெட்டி, நங்கூரம், பெட்ரோல் கேன் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு.

சட்டத்தின் அடியில் ஸ்க்ரூவை மறைத்து ஒரு பிளாஸ்டிக் பட்டை ஓடும். வெறுமனே நெம்பினால் முறியும், பழசு சுருங்கி விறைத்திருக்கும். வெந்நீரில் நனைத்த துணியை மேலே போட்டு இளகவிட்டு இழுங்கள். அதற்குக் கீழே ஸ்க்ரூ வரிசை தெரியும். சிலவற்றின் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். எவர்சில்வரும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம். அந்தப் பொடி அதுதான்.

எந்த ஸ்க்ரூவையும் முழுசாகக் கழற்ற வேண்டாம். முதலில் முட்டுக் கம்பிகளைத் தளர்த்துங்கள், அப்புறம் அடி வரிசையில் ஒவ்வொன்றையும் ஒன்றிரண்டு சுற்று. சட்டம் நகர இடம் கிடைத்தால் போதும். பழைய பசை இன்னும் பிடித்திருந்தால் மீன் பிடிக்கும் நைலான் நரம்பை அடியில் விட்டு அறுப்பது போல் இழுங்கள். கத்தி வேண்டாம், ஜெல்கோட்டில் (பைபரின் மேல் பூச்சில்) கோடு விழும்.

இப்போது கதவை மூடி, இரண்டு பக்கச் சட்டத்தையும் ராட்செட் பெல்ட் போட்டு உள்நோக்கி மெதுவாக இழுங்கள். லாரியில் சரக்கு கட்டுவார்களே, அந்தப் பெல்ட். அடியில் பழைய துண்டை மடித்து வையுங்கள். பெல்ட் சட்டத்தில்தான் அழுந்த வேண்டும், கண்ணாடி விளிம்பில் படக்கூடாது. டெம்பர்டு கண்ணாடியை நடுப் பரப்பில் தட்டினால்கூடத் தாங்கும், ஓரத்தில் ஒரு இரும்பு முனை பட்டால் அவ்வளவுதான். கையில் ஸ்பேனரோடு அந்த ஓரத்துப் பக்கம் திரும்பும்போது எனக்கு இன்றும் மூச்சு நின்றுவிடுகிறது.

கொக்கி விரலால் தட்டினாலே விழுகிற நிலைக்கு வரட்டும். வந்ததும் பெல்ட்டை அப்படியே விட்டுவிட்டு, சட்டத்துக்கும் தளத்துக்கும் நடுவில் எங்கே சந்து தெரிகிறதோ அங்கே பட்டை செருகுங்கள். நீல நிறத் தண்ணீர் டிரம் உடைந்தது கிடந்தால் அதிலிருந்து வெட்டிய துண்டு அருமையாக இருக்கும். மரச்சீவல் ஊறும், தகரம் துருப்பிடித்து வெள்ளைத் தளத்தில் கோடு இறக்கும். பட்டை வைக்காமல் ஸ்க்ரூவை மட்டும் முடுக்கினால் சட்டம் சந்துக்குள் இழுபட்டு வளையும், மறுபடியும் முதலிலிருந்து.

முடுக்குவது கதவுப் பக்கத்திலிருந்து தொடங்கி வெளி ஓரம் நோக்கி, ஒரே மூச்சில் இல்லாமல் இரண்டு மூன்று சுற்றில். முட்டுக் கம்பி கடைசியில். அதன் கால் துளைக்கு நேராக வரவில்லை என்றால் இழுத்துப் பொருத்தாதீர்கள். காலுக்கு அடியில் பட்டை வையுங்கள், இல்லாவிட்டால் புதுத் துளை போடுங்கள். எல்லாம் முடிந்து பெல்ட்டை அவிழ்க்கும்போது கதவு அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. டக்கென்று நகர்ந்தால் எங்கோ ஒரு சட்டம் இன்னும் இழுப்பில் நிற்கிறது.

4 மார்ச்

காந்தம் வைத்துப் பார்த்தால் நல்ல எவர்சில்வரா என்று தெரிந்துவிடும் என்று ஒருவர். எவர்சில்வரில் 304 ரகமும் காந்தத்தில் ஒட்டாது, 316 ரகமும் ஒட்டாது. ஸ்க்ரூவாக அடித்து உருட்டும்போது சில நேரம் 304 லேசாக ஒட்டும், அவ்வளவுதான். கடலோரத்துக்கு 316 வேண்டும். அதைப் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பித்தான் வாங்க வேண்டும், காந்தத்தை நம்பி இல்லை.

9 மார்ச்

ஸ்க்ரூ துளையில் சுற்றுகிறது, தீக்குச்சியும் ஃபெவிகாலும் வைத்து முடுக்கவா என்று கேட்கிறார். வீட்டு அலமாரிக் கதவுக்குத் தாராளமாக. இங்கே ஒரு மழையில் ஊறி வெளியே வந்துவிடும்.

பழைய துளையை அகலப்படுத்தி, உள்ளே இருக்கும் ஈரம் காயவிட்டு, எபாக்ஸியைக் கெட்டியாகக் குழைத்து நிரப்புங்கள். அராலைட் மாதிரி. மறுநாள் புதிதாகத் துளை போடுங்கள். ஜெல்கோட்டில் துளை தொடங்கும்போது டிரில்லைப் பின்னோக்கிச் சுற்றவிட்டால் மேல் பூச்சு சில்லு பெயராது. துளை வாயைக் கொஞ்சம் சரித்துவிட்டால் பின்னாளில் நட்சத்திர விரிசல் கிளம்பாது. அடியில் கை நுழைகிற இடமாக இருந்தால் இந்த வம்பே வேண்டாம், போல்ட், அகல வாஷர், நைலான் வைத்த நட்.

பசை பற்றி ஒரு வார்த்தை. ஹார்டுவேர் கடையில் முதலில் நீட்டுவது புளிச்ச வாடை அடிக்கும் சிலிக்கான் டியூப். அந்த வாடை அசிட்டிக் அமிலம், அலுமினியத்தை அரிக்கும். பாலியூரித்தேன் பசை கேளுங்கள். அதிலும் என்றைக்கும் பிரியாத ரகம் வேண்டாம், கண்ணாடி மாற்ற வேண்டிய நாள் ஒன்று வரும்.

11 மார்ச்

நாகப்பட்டினத்து பைபர் ஆட்களிடமே கொடுத்துவிடலாமே என்கிறார்கள். ரெசின், மேட் (பைபர் இழைப் பாய்) வேலைக்கு அவர்கள் கைதான். சுனாமிக்கு அப்புறம் இந்தக் கரை முழுக்க பைபர் போட் வந்து, அடித்து, ஒட்டி, மறுபடி அடித்துத் தேறிய கை. ஆனால் மீன்பிடி பைபர் போட்டில் கண்ணாடி என்று ஒன்றே கிடையாது. நான் ஒருமுறை கூட்டிவந்து காட்டியபோது பெரியவர் ஒருவர் போட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு "இது எதுக்கு தம்பி, கழட்டி வச்சிட்டா என்ன?" என்றார். மைத்துனரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

20 ஏப்ரல்

தாங்குகட்டை விஷயத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், பிப்ரவரியில் எழுதியதில் விட்டுப்போனது. கட்டை போட்டின் பின்சுவர் வரை போக வேண்டும். எஞ்சின் எடை முழுக்க அங்கேதான் தொங்குகிறது. கட்டை ஒரு சாண் குறைவாக நின்றுவிட்டால் அடிப்பாகம் மாதக்கணக்கில் அந்த முனையில் மடங்கப் பார்க்கும். போட் ஓடும்போது மூக்கு அமுங்குவது, கண்ணாடிக் கதவு இறுகுவது எல்லாம் அப்புறம் வரிசையாக வரும். கேள்வி கேட்டவர் அனுப்பிய படத்தில் இதுவும் இருக்கிறது. கட்டையை நீட்டச் சொல்லியிருக்கிறேன்.

14 ஜூன்

மேட்டூர் 12-ம் தேதியே திறந்தாயிற்று. தண்ணீர் இங்கே வந்து சேர இன்னும் நாளிருக்கிறது, அதற்குள் "ஆற்றிலேயே போட்டை ஓட்டிக்கொண்டு முத்துப்பேட்டை போக முடியுமா" என்று ஒரு ஆசைக்காரர். போக முடியாது ஐயா. வழி நெடுக ரெகுலேட்டர். பாமணியாற்றிலோ கோரையாற்றிலோ இறங்கினால் அடுத்த மதகு வரைதான் உங்கள் ராஜ்யம். அதனால்தான் இந்தப் பக்கத்தில் போட் ஓடுவதைவிட டிரெய்லரில் உருளுவது அதிகம், கண்ணாடி கெடுவதும் தண்ணீரில் இல்லை, ரோட்டில். கொக்கி மாட்டாத கதவு ஒவ்வொரு வேகத்தடைக்கும் படார் என்று அடிக்கும், கீல் ஊசி ஒரே பயணத்தில் தளரும். மூடிக் கொக்கி போட்டுத்தான் இழுக்க வேண்டும். துணிக் கூரையை விரித்தபடி இழுப்பவர்களும் இருக்கிறார்கள். காற்று கூரையைத் தூக்கும், அதைக் கண்ணாடிச் சட்டத்தோடு சேர்த்திருந்தால் சட்டத்தையும் சேர்த்துத் தூக்கும்.

அடுத்தது ஏறுபவர்கள். ஜாம்புவானோடைப் படகுத்துறையில் நின்று பாருங்கள். போட்டில் கால் வைக்கிற யாரும் முதலில் நீட்டுகிற கை, உயரத்துக்குச் சரியாக நிற்கும் எதையாவது பிடிக்கும். எங்கள் போட்டில் அது கண்ணாடியின் இடது மேல் சட்டம். பெரியம்மாவிடம் பிடிக்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது? கன்சோல் ஓரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி பூட்டிவிட்டேன். சொல்லாமலே கை அங்கே போகிறது. (அலையாத்திக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதை இதே இடத்தில் சொல்லிவைக்கிறேன், சொந்தப் போட் என்றாலும்.)

6 ஜூலை

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்ட போட்களுக்கு நான் மேலே எழுதியதில் பாதி பொருந்தாது. அக்ரிலிக் வெயிலுக்குக் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும், அலுமினியத்தைவிட மூன்று மடங்கு. பிப்ரவரியில் நான் கிண்டல் செய்த வெயில்காரருக்கு இங்கே கொஞ்சம் பேச இடமிருக்கிறது. ஸ்க்ரூ போகும் துளையை அகலமாக விட்டு, இறுக்காமல் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் துளையிலிருந்து விரிசல் ஓடும். அமோனியா கலந்த கண்ணாடி கழுவும் திரவமோ தின்னரோ அதில் படக்கூடாது, மயிரிழை மயிரிழையாக வெடித்துப் புகைபோல் ஆகிவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

8 ஜூலை

கேள்வி கேட்டவர் வேலையை முடித்துவிட்டார். கொக்கி விழுகிறது. இப்போது புதுக் குறை, கச்சான் காற்றில் ஓட்டினால் கதவு ஓரத்தில் தண்ணீர் முழங்காலில் தெளிக்கிறதாம். கார் கதவுக்கு வரும் குழல் ரப்பர் வாங்கி ஒட்டப் போகிறேன், எவ்வளவு தடிமன் என்கிறார்.

கதவை மூடிக் கொக்கி போட்டு, சந்தில் களிமண் உருண்டையை அழுத்தி எடுத்து அளந்துகொள்ளுங்கள். ரப்பர் அதைவிட அரை நூல் தடிமனாக இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் கொக்கியைக் குத்தித் தள்ளி மூட வேண்டிவரும், அந்த இறுக்கம் முழுக்க மறுபடி முட்டுக் கம்பியின் ஸ்க்ரூவுக்குத்தான் போகும். கீழ் விளிம்பில் ரப்பர் ஒட்டாதீர்கள், மழைத் தண்ணீர் வெளியேற அங்கே வழி இருக்கட்டும். முழங்கால் கொஞ்சம் நனையத்தான் செய்யும்.